யவனச் சாடியின் ஊரைத் தேடி: பெரியபட்டினம் முதல் கந்தமாதனம் வரை

நம் பள்ளியின் பழைய மாணவியரிடையே என்னைப் பற்றி இரண்டு செய்திகள் உலவுகின்றன. ஒன்று, கிறிஸ்தவளான நான் இராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு வந்தேன் என்பது. மற்றது, பரிசளிப்பு விழாவில் முன்வரிசையில் எனக்கு நாற்காலி போடாத கோபத்தில், பள்ளிக்கு நான் கொடுத்த யவனச் சாடியைத் திருப்பிக் கேட்கிறேன் என்பது. இரண்டும் தவறு. முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பதால் நானாகத்தான் மூன்றாம் வரிசைக்குப் போனேன். முழுக்கைப் பற்றி அதன் இடம் வரும்போது சொல்கிறேன். சாடியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பயணம் முழுவதையும் சொல்ல வேண்டும். அது நல்ல பயணம். உங்களில் யாராவது போக நினைத்தால் பயன்படட்டும் என்று நேரம், மைல், செலவு எல்லாவற்றையும் குறித்திருக்கிறேன்.

என்னோடு படித்த ரெஜினா இப்போது மகனோடு லண்டனில் இருக்கிறாள். போன வருஷம் அவள் கிரேக்க நாட்டுக்குப் போய் வந்து ஒன்பது பக்கம் எழுதினாள். தனியாக ஒரு கார் அமர்த்திக்கொண்டு, ஓர் இரவு தங்கி, உடைந்த கோயில் தூண்களையும், செங்குத்துப் பாறைகளின் உச்சியில் கட்டிய துறவியர் மடங்களையும் பார்த்தாளாம். முன்காலத்தில் அந்த மடங்களுக்கு ஆட்களை வலையில் உட்காரவைத்துக் கயிறு கட்டி இழுப்பார்களாம். "நீ இதையெல்லாம் பார்க்காமல் சாகக் கூடாது, அருளு" என்று முடித்திருந்தாள். எனக்கு வயது அறுபத்தாறு. கிரேக்க நாடு ஆகாது. ஆனால் கிரேக்கர்கள் நம் கரைக்கு வந்தவர்கள். என் கணவர் இதை ஒரு நாளைக்கு ஒரு முறையாவது சொல்லுவார்.

அவர் உப்பு இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்தார். 1938-இல் பெரியபட்டினத்துக்குப் போனபோது, ஒரு தென்னந்தோப்பில் கிணறு வெட்டிய குழியிலிருந்து ஒரு சாடி வெளிப்படுவதைக் கண்டார். இரண்டரை அடி உயரம், இரண்டு கைப்பிடி, குறுகிய அடிப்பாகம். தோளில் ஒரு குறி கீறியிருந்தது: நிற்கும் இரண்டு கோடு, மேலே ஒரு குறுக்குக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. அது கிரேக்க எழுத்து என்றும், யவனர்கள் திராட்சை மது கொண்டுவந்த சாடி என்றும் அவர் முடிவு செய்தார். மறுபடி போய்த் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று எட்டு வருஷம் சொல்லிக்கொண்டே இருந்து, 1946-இல் காலமானார். 1948-இல் நான் அதைப் பள்ளிக்குக் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் என் கணவரின் பெயரோடு இருக்கும் அட்டை என் கையெழுத்து: "கிரேக்க எழுத்துப் பொறித்த யவனச் சாடி. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது."

சென்ற டிசம்பரில் பள்ளிக்கு வந்த ஓர் அறிஞர் அந்தச் சாடியை வெகு நேரம் பார்த்துவிட்டு, "இது கிடைத்த இடம் சரியாக எது?" என்று கேட்டாராம். தலைமைச் சகோதரி அதை எனக்கு எழுதி, ஒரு பக்கக் குறிப்பு அனுப்பச் சொன்னார். நான் பார்க்காத இடத்தைப் பற்றி நான் எழுதுவதில்லை. ஆகவே என் கணவரின் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். போகிற போக்கில், ரெஜினாவின் மடங்களுக்கு ஈடாக இராமேஸ்வரத்துக் கந்தமாதனக் குன்றையும் பார்த்துவிடுவது என்று திட்டம்.

புறப்பட்டது இந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி. இராமநாதபுரத்திலேயே ஆஸ்டின் வாடகைக் கார் கிடைத்தது. இரண்டு நாளைக்கு நாற்பத்தைந்து ரூபாய், டிரைவர் படி மூன்று ரூபாய் தனி. டிரைவர் காதர், நாற்பது வயது, வண்டியைத் துடைத்து வைத்திருந்தார். துணைக்கு என் கணவரின் தங்கை பிலோமினா வந்தாள். அவள் என்னைவிட எட்டு வயது இளையவள், எதற்கும் சிரிப்பவள்.

"எங்கம்மா போறோம்?" என்று காதர் கேட்டார்.

"முதல்ல தேவிபட்டினம். பிறகு பெரியபட்டினத்துல கிரேக்கர்கள் இருந்த இடத்தைத் தேடணும்."

"அவுக வீட்டுப் பேரு தெரிஞ்சாச் சொல்லுங்க. வாசல்லயே கொண்டுபோய் விட்டுர்றேன்."

"அவங்க செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு, காதர்."

"அப்ப விசாரிச்சுத்தான் போகணும்" என்றார் காதர், முகம் மாறாமல்.

பிலோமினா பின் இருக்கையில் கைப்பையைத் திறந்தாள். "மதினி, யாராச்சும் ஒரு கிரேக்கரு மிச்சம் இருந்தா முன்னாடியே சொல்லிருங்க. நான் தலையச் சீவிக்கிறேன்."

தேவிபட்டினம் பத்து மைலுக்குள்தான், முக்கால் மணி நேரம். கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன, நவகிரகங்கள் என்று வணங்குகிறார்கள். அலை இல்லாத கடல், குளத்தைப் போல. காலை வெயிலில் கற்களின் நிழல் தண்ணீருக்குள் தெரிந்தது. ரெஜினாவின் தூண்கள் மலைமேல் நிற்கின்றன, நம்முடையவை கடலுக்குள் நிற்கின்றன என்று நினைத்தபோது எனக்கு அப்போதே மனம் பொங்கிவிட்டது. அரை மணி நேரம் போதும் இங்கே. ஏழே முக்காலுக்குள் கிளம்பிவிடுங்கள், பிறகு கண் கூசும்.

வந்த வழியே இராமநாதபுரம் திரும்பி, திருப்புல்லாணி வழியாகப் பெரியபட்டினம் போனோம். ஊரிலிருந்து ஏறக்குறைய பதின்மூன்று மைல். கடைசி மூன்று மைல் மணல் பாதை. ஓர் இடத்தில் சக்கரம் புதைந்து, காதர் பனையோலை வெட்டிப் போட்டு ஏற்றினார். பத்தே கால் மணிக்கு ஊருக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிய வீடுகள், வெள்ளை மணல் தெரு, எங்கிருந்தோ கருவாட்டு வாசம். என் கணவர் எழுதி வைத்த வழி துல்லியமானது: பள்ளிவாசலுக்குக் கிழக்கே, கடலிலிருந்து முந்நூறு கஜம், தென்னந்தோப்பு, வெட்டிக்கொண்டிருக்கும் கிணறு. இருபத்திரண்டு வருஷத்தில் கிணறு வெட்டி முடித்திருந்தார்கள். மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தது.

தோப்புக்குள் பத்தடி வைத்ததும் நான் நின்றுவிட்டேன். எனக்கு நேர் எதிரே இருந்த தென்னையில், இடுப்பு உயரத்தில், அந்தக் குறி வெட்டியிருந்தது. நிற்கும் இரண்டு கோடு, மேலே குறுக்குக் கோடு, நடுவில் புள்ளி. அடுத்த மரத்திலும் அதே குறி. அதற்கடுத்த மரத்திலும். நான் குறிப்புப் புத்தகத்தைப் பிரித்து மரம் மரமாக ஒத்துப் பார்த்துக்கொண்டு ஓடினேன். ஆம், ஓடினேன். பெரியவளான பிறகு நான் ஓடியது அதுதான் முதல் முறை. இரண்டாயிரம் வருஷமாக இந்த மக்கள் யவனர்களின் எழுத்தை அர்த்தம் தெரியாமலே காப்பாற்றி வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பன்னிரண்டாவது மரத்தைத் தொட்டபோது கட்டுரையின் முதல் வரிகூட மனத்தில் அமைந்துவிட்டது.

"யாரு அங்கன, மரத்த எண்ணுறது?" என்று ஒரு குரல் கேட்டது.

வேலிக்கு அப்பால், வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டபடி ஓர் அம்மாள் நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். பெயர் மரியம் பீவி, தோப்பு அவர்களுடையது. நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, மரத்தில் இருப்பது என்ன எழுத்து என்று கேட்டேன்.

"எழுத்தா? அது எங்க வீட்டுக் குறி. கட்டில் குறிம்பாக. ரெண்டு காலு, மேல சட்டம். தேங்காய எவனும் எம்மரம் உம்மரம்னு தூக்கிட்டுப் போகப்படாதுல்ல. தோணியிலயும் இதே குறிதான். எங்க சோத்துச் சட்டியப் பாக்குறீகளா? அதுலயும் இருக்கு."

நான் குறிப்புப் புத்தகத்தை அவரிடம் நீட்டினேன். என் கணவர் சாடியைப் படமாக வரைந்திருந்த பக்கம். மரியம் பீவி அதைக் கையில் வாங்கவில்லை. குனிந்து, ஒரு விரலால் அந்தக் குறியை மட்டும் தொட்டார்.

"நீங்க உப்பு இன்ஸ்பெக்டரு சம்சாரமா?"

"ஆமாம்."

"உள்ள வாங்க. வெயில்ல நிண்டு கேக்குற கதையில்ல இது."

காதரை வெளித்திண்ணையில் உட்காரச் சொல்லி அவருக்கு இளநீர் அனுப்பிவிட்டு, எங்கள் இருவரையும் உள்முற்றத்துக்குக் கூட்டிப்போனார். முற்றத்து மணலில் ஒரு சாடி நின்றது. இரண்டரை அடி உயரம், இரண்டு கைப்பிடி, தோளில் கட்டில் குறி. பள்ளிக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதன் உடன்பிறப்பு. வெளிப்புறம் முழுக்க ஈரம் பூத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மொண்டு எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவ்வளவு குளிர்ச்சியான தண்ணீரை நான் பனிக்கட்டிப் பெட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில்கூடக் குடித்ததில்லை.

"எங்க வாப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டுனாக. நான் பொறந்த வருசம் அங்கன ஒரு அரபிக் கப்பல்காரன்கிட்ட பேரீச்சம்பழப் பாகு வாங்குனாக. ரெண்டு சாடி. பாகு தீந்ததும் ஒண்ணத் தண்ணிக்கு வச்சுக்கிட்டாக. ஒரு வருசத்துக்குத் தண்ணி இனிச்சுச்சாம். இன்னொண்ண, எம்பேருக்குத் தென்னங்கன்னு வச்சாகல்ல, அதுக்குப் பக்கத்துல கழுத்து வரைக்கும் புதைச்சாக. ஊத்துற தண்ணி சாடியில நிண்டு, கொஞ்சங் கொஞ்சமாக் கசிஞ்சு வேருக்குப் போகும். மணக்காட்டுல வேற எப்படிக் கன்னு பொழைக்கும்? ரெண்டு சாடியிலயும் குறி போட்டது வாப்பா கைதான். எனக்கு ஏழு வயசுல போன தோணி திரும்பல. பெறகு ஒரு புயல்ல மரமும் போச்சு, மணல் மூடுனதுல சாடியும் உள்ள போயிருச்சு."

"என் கணவர் எடுத்தப்ப நீங்க யாரும் அவர்கிட்ட இதைச் சொல்லலையா?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்திருக்கும்.

மரியம் பீவி என்னையும் பிலோமினாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்பத்தான் உப்புக்கு வரி இல்லையே, சொன்னா என்ன? எங்க சாச்சா, வாப்பாவுக்குத் தம்பி, கெணறு வெட்டுறாக. குழிக்குப் பக்கத்துல ரெண்டு மூட்ட உப்பு, ஓலையப் போட்டு மூடி வச்சிருக்கு. ஓடையில தானா வெளஞ்சத அள்ளுனது. அப்ப அது கேசு. கருவாடு போட உப்பு வேணுமே, என்ன செய்ய? அந்த நேரம் பாத்து உங்க வீட்டுக்காரவுக சைக்கிள்ல வந்து எறங்குறாக. சாச்சாவுக்குக் கால் ஓடல. அவுக என்னடான்னா ஓலையப் பாக்கவே இல்ல. குழியில சாடியப் பாத்துட்டு, கிறுக்குப் பிடிச்ச மாதிரி... கோவிச்சுக்கிறாதீக."

"கோவம் இல்லை. நடந்ததைச் சொல்லுங்க."

"'பெரியவரே, இது எந்தக் காலத்துச் சாடி'ன்னாக. 'ஆயிரம் வருசம் இருக்கும்ங்க'ன்னு சாச்சா சொல்லிட்டாக. 'ரெண்டாயிரம் இருக்குமோ'ன்னாக. 'இருக்கும்ங்க'. 'நான் எடுத்துக்கிறலாமா'ன்னாக. 'இப்பவே எடுத்துக்கங்க'ன்னு சாச்சாவே ஓடிப்போய் மாட்டு வண்டி பிடிச்சு ஏத்திவிட்டாக. வண்டி தெருவத் திரும்புனப்பறந்தான் சாச்சா உக்காந்தாக. நான் வேலிக்குள்ள நிண்டு பாத்துக்கிட்டிருக்கேன். உப்பா, சாடியான்னா நாங்க எதச் சொல்றது?"

பிலோமினா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மரியம் பீவியும் சிரித்தார். நான் குறிப்புப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். என் கணவரின் கையெழுத்து: "ஊர்ப் பெரியவர் ஒருவர் இது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று உறுதி கூறினார். மிகவும் ஒத்துழைத்தார்." அதை உரக்கப் படித்தேன். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

விடை பெறும்போது மரியம் பீவி சாடியைத் திருப்பிக் கேட்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அங்கனயும் அது வேர்க்குதா?"

இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் ஒருவரும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை.

மதியம் இரண்டரைக்குக் கிளம்பி நாலரைக்கு மண்டபம் சேர்ந்தோம். ஏறக்குறைய இருபது மைல். பயணியர் பங்களாவில் அறை மூன்று ரூபாய். முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும். சமையற்காரர் மீன் குழம்பு நன்றாக வைத்தார், சாதம் குழைந்திருந்தது. சாப்பிடும்போது பிலோமினா பேச்செடுத்தாள்.

"மதினி, இத யாருகிட்டயும் சொல்லாதீக. அண்ணன் பேரு அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. வருசா வருசம் பிள்ளைக வந்து பாக்குதுக. அறிஞருக்கு எடம் பெரியபட்டினம்னு மட்டும் எழுதிருங்க. அது பொய்யில்லயே."

"அட்டையில இருக்கறது பொய்யாச்சே."

"செத்தவுகளப் பாத்து இப்ப ஊரச் சிரிக்க வைக்கணுமா?" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நான் கை கழுவ எழுந்தேன்.

மறுநாள் காலை ஆறு இருபதுக்கு ரயில். கார் கடலைத் தாண்ட முடியாது. அது காதரோடு மண்டபத்தில் நிற்க வேண்டியதுதான். பாம்பன் பாலத்தில் வண்டி நடை வேகத்தில் போகும்போது ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். காலுக்குக் கீழே பலகையும் தரையும் தெரியாது, பச்சைத் தண்ணீர்தான் தெரியும். பிலோமினா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். எனக்கோ பாலம் இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்று இருந்தது. பாம்பனில் வண்டி மாறி இராமேஸ்வரம். மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஆளுக்கு அறுபது நயா பைசா.

ஸ்டேஷனிலிருந்து குன்றுக்கு ஜட்கா குதிரை வண்டி, போக வர ஒன்றரை ரூபாய். கந்தமாதனத்தைக் குன்று என்பதே கொஞ்சம் தாராளம்தான். ஆனால் தீவிலேயே உயரமான இடம் அது, உச்சியில் இரண்டு மாடி மண்டபம். வலையில் வைத்து யாரும் இழுக்க வேண்டியதில்லை, முழங்கால் வலியோடு நானே ஏறினேன். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டேன். பிறர் வழிபடும் இடத்தில் அது மரியாதை, மதமாற்றம் அல்ல. மேல் தளத்தில் நின்றால் மரங்களுக்கு மேலாக வடக்கிலும் தெற்கிலும் கடல். காற்று முந்தானையைப் பிடுங்குகிறது. ரெஜினா, உன் மடங்களிலிருந்து இரண்டு கடல் தெரிகிறதா?

அங்கே உட்கார்ந்துதான் குறிப்புப் புத்தகத்தை முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எத்தனையோ முறை நான் தாண்டிப் போன ஒரு வரி அதில் இருந்தது: "சாடியின் வாய், மணல் மட்டத்திலிருந்து மூன்று அடி கீழே. பட்டுப்போன தென்னை ஒன்றின் வேர்கள் சாடியைச் சுற்றிப் பிடித்திருந்தன. எண்ணினேன், நாற்பதுக்கு மேல்." மரியம் பீவி சொன்ன தென்னைதான் அது. என் கணவர் வேரைக்கூட எண்ணியிருக்கிறார். கண்ணால் கண்டது எதையும் மறைக்கவில்லை. முடிவில்தான் தவறினார். இருபது வருஷம் அவருடைய அறிக்கைகளை அனுப்புமுன் படித்துப் பிழை திருத்தியவள் நான். இந்த ஒன்றை மட்டும் திருத்தாமல் அட்டையில் எழுதி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதும் நான்தான். அந்தப் பக்கத்தைப் பிலோமினாவிடம் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"அண்ணனே சொல்லிட்டுத்தான் போயிருக்காக" என்றாள். பிறகு, "எழுதிருங்க மதினி" என்றாள்.

இப்போது முழுக்கு விஷயம். திரும்பும் வழியில் பிலோமினாவுக்குச் சிப்பி பொறுக்கும் ஆசை வந்தது. அக்னி தீர்த்தக் கரையில் நான் படியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு படகைத் தள்ளினார்கள், தண்ணீர் எழும்பி என்னை இடுப்பு வரை நனைத்துவிட்டது. நான் கடலுக்குள் போகவில்லை, கடல்தான் என்னிடம் வந்தது. பிற்பகல் ரயிலில் என் ஈரச் சேலையைப் பார்த்து வணக்கம் சொன்ன இரண்டு சீமாட்டிகள், காரணத்தை அங்கேயே கேட்டிருக்கலாம். மண்டபத்திலிருந்து இருபத்து மூன்று மைல் காரில் வந்து, மாலை ஆறரைக்கு வீடு சேர்ந்தோம்.

போக விரும்புகிறவர்களுக்கு: பிப்ரவரி நல்ல மாதம். குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள். பெரியபட்டினத்தில் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள். தோப்புக்குள் நுழையுமுன் கேளுங்கள், நான் கேட்கவில்லை. குன்றுக்கு ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள், கல் சுடும். யவனர்கள் இந்தக் கரைக்கு வரவில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் இந்தச் சாடியோடு வரவில்லை என்றுதான் சொல்கிறேன்.

தலைமைச் சகோதரி அவர்களுக்கு: இதுபற்றி நான் இரண்டு கடிதம் எழுதினேன். காவலாளி மூலமாக, "பெரியம்மா மனசைப் போட்டு அலட்டிக்க வேண்டாம், சாடி பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லியனுப்பினீர்கள். பத்திரமாக இருப்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. அட்டையை எடுத்துவிடுங்கள். என் கணவரின் குறிப்புப் பக்கத்தை, வேர்களைப் பற்றிய அந்த வரியோடு, பிரதி எடுத்து அனுப்புகிறேன். பிள்ளைகள் பார்க்க அது போதும். சாடி மரியம் பீவியின் வீட்டுக்குப் போக வேண்டும். காதர் எந்தச் செவ்வாய்க்கிழமையும் வரத் தயார். அதற்கு முன், தயவுசெய்து அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் வெளிப்புறத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரமா, இல்லையா என்பதையும், சாடியை எந்தத் தேதியில் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

ம. அருளம்மாள்
இராமநாதபுரம்